விற்றே ஆகவேண்டியவர் சொல்லும் விலை



திருப்பூரில் நின்றுகொண்டு, தொழில் மந்தத்தில் பழைய அமெரிக்க மஸில் கார்களின் விலை என்ன ஆகிறது என்று பேசப்போகிறேன் என்றதும், நண்பர் ஒருவர், "ஆர்டர் இல்லாம மெஷின் நிக்கிற நேரத்துல இதெல்லாம் தேவைங்களா?" என்று கேட்டார். எனக்கென்னவோ இந்த ஊரில்தான் இதைப் பேசவேண்டும் என்று தோன்றுகிறது. மந்தம் என்றால் என்னவென்று திருப்பூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2007இல் டாலர் 39 ரூபாய்க்கு இறங்கியபோது ஒரு அடி. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானதும் அடுத்த அடி. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அப்புறம் பணமதிப்பு நீக்கம், ஜி.எஸ்.டி., கொரோனா, நூல் விலை ஏற்றம். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் 50 சதவீத வரி. இத்தனையும் பார்த்தவர்கள் முன்னால் பேசுவதில் ஒரு வசதி, பாதி சொன்னாலே மீதி புரிந்துவிடும்.

மஸில் கார் எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் அப்போது ஓர் உள்விதி இருந்தது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினைப் பொருத்தக்கூடாது. அதன் போன்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் 1964ஆம் ஆண்டு மாடலில் ஒரு குறும்பு செய்தார்கள். பெரிய காருக்கான 389 கன அங்குல என்ஜினை, டெம்பெஸ்ட் என்ற நடுத்தர வண்டிக்கு 'விரும்பினால் கூடுதல் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்' என்ற பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். விதி மாடலுக்குத்தான், கூடுதல் வசதிக்கு இல்லை என்பது அவர்கள் வாதம். ஜி.டி.ஓ. பிறந்த கதை இது. 6.4 லிட்டர் என்ஜின், நம் மாருதி 800ஐப் போல எட்டு மடங்கு. அதே 1964 ஏப்ரலில் பிளிமத் பாரகூடாவும் ஃபோர்டு மஸ்டாங்கும் வந்தன. பிறகு டாட்ஜ் சார்ஜர், செவ்ரலே கமாரோ என்று வரிசை கட்டின. நேர்ச்சாலையில் பறக்கும், வளைவில் திணறும், பெட்ரோலைக் கணக்கில்லாமல் குடிக்கும். இருபது வயதுப் பையன்கள் வாங்குகிற விலையில் இருந்தது, அதுதான் முக்கியம்.

அந்த ஆட்டம் பத்து வருடம்கூட நீடிக்கவில்லை. 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. இளைஞர்கள் ஓட்டும் வேக வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றின. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் சுமார் 3 டாலருக்கு இருந்த கச்சா எண்ணெய், 1974 ஜனவரிக்குள் 12 டாலரை ஒட்டிப் போய்விட்டது. பெட்ரோல் பங்கில் மைல் கணக்கில் வரிசை. அந்த வரிசையில் 6 லிட்டர், 7 லிட்டர் என்ஜினோடு நின்றவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

நமக்குக் காதர்பேட்டை தெரியும். ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய சட்டை, ஆர்டர் கேன்சல் ஆனதும் லேபிளை வெட்டிக்கொண்டு காதர்பேட்டைக்கு வந்துவிடும். துணி அதே துணி, தையல் அதே தையல். நேற்று பீஸ் கணக்கில் டாலரில் விலை பேசியதை இன்று லாட்டாக, சில நேரம் கிலோ கணக்கில், எடுத்துப் போகிறார்கள். 1974இல் மஸில் கார்கள் வந்து நின்ற இடம் அதுதான். பழைய வண்டிச் சந்தையில் வாங்க ஆளில்லை. ஏராளமான வண்டிகள் நிஜமாகவே கிலோ கணக்கில் இரும்புக் கடைக்குப் போயின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் இந்த வண்டிகளுக்குக் கிடைத்த விலையில் பெரும்பகுதியை அந்த மந்த காலம்தான் உண்டாக்கியது. பிளிமத் 1971இல் செய்த ஹெமி குடா கன்வர்ட்டிபிள் வண்டிகள் மொத்தமே 11. அபூர்வமாக இருக்கட்டும் என்று யாரும் திட்டமிட்டு 11 செய்யவில்லை, அதற்கு மேல் வாங்க ஆளில்லை, அவ்வளவுதான். அவற்றில் ஒன்று 2014 ஜூனில் சியாட்டில் நகரில் நடந்த மீகம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது.

நம் நாட்டில் இதற்கு இணை எது என்று கேட்டால் பலர் கான்டெஸாவைச் சொல்வார்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் கொண்டுவந்தது, இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் வண்டியின் உடம்பு. நீண்ட மூக்கு, அகன்ற தோள், பார்த்தால் மஸில் கார்தான். பானெட்டைத் திறந்தால் தொடக்க கால வண்டிகளில் அம்பாசடர் என்ஜின் உட்கார்ந்திருக்கும்! பிறகு இசுசு 1.8 லிட்டர் என்ஜின் வந்து மானத்தைக் காப்பாற்றியது. கான்டெஸா பிரியர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது, என் கணக்கில் உண்மையான இணை ஒரு பைக். ராஜ்தூத் 350.

1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்.டி. 350ஐ இந்தியாவில் செய்து அந்தப் பெயரில் விற்றது. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 30.5 குதிரைத்திறன். பிறகு மைலேஜுக்காகத் திறனைக் குறைத்து 27 ஆக்கினார்கள். அப்படியும் ஓடவில்லை. அதற்குள் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. 100 சி.சி. ஜப்பானிய வண்டிகள் வரிசையாக இறங்கின, 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 சந்தையையே மாற்றிப் போட்டது. ராஜ்தூத் 350 பத்தாண்டு நிறைவதற்குள் நின்றுபோனது. ஸ்பேர் கிடைக்காமல், மெக்கானிக் கிடைக்காமல், எத்தனையோ வண்டிகள் தொழுவத்துச் சுவரில் சாய்ந்து துருப்பிடித்தன. இன்று நல்ல நிலையில் இருக்கும் ஒன்றுக்கு லட்சங்களில் பேசுகிறார்கள். அதே யமஹாவின் ஆர்.எக்ஸ். 100, 1985 முதல் 1996 வரை வந்த வண்டி, இன்று புது பைக்கைவிட அதிக விலை கேட்கிறது. நம் பனியன் கம்பெனித் தம்பிகள் இரண்டு மாதச் சம்பளத்தை அதன் சைலன்சர் சத்தத்துக்காகச் செலவழிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இனி விலை விழுகிற கதைக்கு வருகிறேன்.

2005, 2006, 2007 மூன்று ஆண்டுகளும் அமெரிக்காவில் மஸில் காருக்குத் திருவிழாக் காலம். 1960களில் அந்த வண்டியை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்த பையன்களுக்கு இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கையில் காசு இருக்கிறது. அரிசோனா மாநிலம் ஸ்காட்ஸ்டேலில் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் பாரெட் ஜாக்சன் ஏலம் தொலைக்காட்சியில் நேரடியாக ஓடியது. 2007 ஜனவரியில், கோப்ரா வண்டிகளை உருவாக்கிய கரோல் ஷெல்பி தாமே வைத்திருந்த கோப்ரா சூப்பர் ஸ்னேக் வண்டி, ஏலக் கட்டணம் சேர்த்து 55 லட்சம் டாலருக்குப் போனது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் ஷெட்டில் இருந்த சாதாரண மஸ்டாங்கையும் தங்கம் என்று நினைக்கத் தொடங்கினார்கள். பலருக்கு வாங்கக் காசு எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்து. வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது, ஏறிய மதிப்பைக் காட்டி வங்கியில் மேல்கடன் எடுத்தார்கள், அந்தப் பணத்தில் கார்.

2008இல் வீட்டு விலை விழுந்தது. அப்போது வாங்க வேண்டியவர், விற்க நினைத்தவர் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கை வறண்டுபோனது. முந்தைய ஆண்டு போட்டி போட்டு ஏலம் கேட்டவர்களே அடுத்த ஆண்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த ஏலத்தில் பெரும்பாலான வண்டிகளுக்குக் குறைந்தபட்ச விலை வைப்பதில்லை. வந்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும். சரிவு நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் தெரிந்தது. மேலே சொன்ன கோப்ராவை 2007இல் வாங்கியவர் எட்டு ஆண்டு வைத்திருந்து 2015இல் அதே ஏலத்தில் விற்றார். கிடைத்தது 51 லட்சம் டாலரை ஒட்டிய தொகை. அவர் கடனுக்காக அவசரப்படாமல் காத்திருந்து விற்றவர். அவருக்கே இந்த நிலை என்றால், 2009இல் தவணை கட்ட முடியாமல் விற்றவர்களின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு இருபதாண்டுக்கு முன்பே ஜப்பானில் இதே நாடகம் நடந்திருந்தது. 1988இல் என்ஸோ ஃபெராரி இறந்தார், பழைய ஃபெராரிகள் வெறிகொண்டு விலை ஏறின. நிலத்தை அடமானம் வைத்து ஜப்பானியர்கள் வாங்கினார்கள். மொத்தம் 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ. அப்போது ஒரு கோடி டாலரைத் தாண்டியது. ஜப்பான் மத்திய வங்கி 1989 மே முதல் 1990 ஆகஸ்ட் வரை வட்டியை 2.5 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு ஏற்றியது. பங்குச்சந்தை விழுந்தது, நிலம் விழுந்தது, 1990களின் நடுவில் அதே வண்டி அந்த உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கிடைத்தது. 2018இல் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது வேறு கதை. அதுவரை வைத்திருக்கக் கடனில்லாத கை வேண்டும்.

மந்தம் வந்ததும் காரின் விலை உடனே விழுந்துவிடுவதில்லை. முதலில் விற்பனைதான் நிற்கும். வைத்திருப்பவர் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருப்பார், போன் அடிக்காது, அவ்வளவுதான். 2011இல் பல்லடம் ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் இடம் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், விலை குறைந்தது என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பத்திரம் பதிவானதா என்று மட்டும் கேளுங்கள். அந்த மௌனத்தை முதலில் உடைப்பவர் விற்றே ஆகவேண்டியவர். வருடத்துக்கு நாலைந்து கைமாறும் பொருளுக்கு, அவர் கொடுத்த விலைதான் அத்தனை பேருக்கும் விலை. வண்டியின் தரம், அழகு, வரலாறு எல்லாம் அப்போது பின்னால் போய்விடும். ஆகவே ஒரு வண்டி மந்தத்தில் எவ்வளவு விழும் என்று தெரியவேண்டுமானால் வண்டியைப் பார்ப்பதைவிட, அது யார் கையில் இருக்கிறது, எவர் பணத்தில் வாங்கியது என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

நம் நாட்டில் இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1971 டிசம்பரில் இந்திரா காந்தி அரசு, அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் மூலம் சமஸ்தான மன்னர்களின் மானியத்தை நிறுத்தியது. அரண்மனை இருக்கிறது, வேலையாட்கள் இருக்கிறார்கள், வருமானம் போய்விட்டது. கொட்டகையில் வரிசையாக நின்ற ரோல்ஸ் ராய்ஸ்களையும் டெய்ம்லர்களையும் எண்ணெய் ஊற்றி வைத்துக்கொள்ள வழியில்லை. இத்தனை பேர் ஒரே சமயத்தில் விற்க வந்ததும் விலை என்ன ஆகும்? வெளிநாட்டுத் தரகர்கள் சொற்பத் தொகைக்கு அள்ளிப் போனார்கள், பழைய கார் ஏற்றுமதிக்கு அரசு தடை போடும் அளவுக்குப் போனது. உள்ளூரில் காசும் பொறுமையும் இருந்தவர்கள் வாங்கி வைத்தார்கள். அகமதாபாத்தில் பிராண்லால் போகிலால் சேர்த்து வைத்த பெரிய அருங்காட்சியகம் அந்தத் தலைமுறையின் விளைச்சல்.

நம் பக்கத்திலேயே கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கியவர் பெயரில் இருக்கும் இடம். போகாதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள். அங்கே இருக்கும் வண்டிகளை எந்த மந்தமும் தொடாது. அறக்கட்டளைக்குத் தவணை தேதி கிடையாது.

இப்போது நம் ஊர்க் கணக்கு. இந்தியாவில் பழைய வண்டிக்கு ஒரு விசித்திரமான நிலைமை. 1986 கான்டெஸாவை அடமானமாக வைத்துக்கொண்டு எந்த வங்கியும் கடன் கொடுக்காது. கரூர், திருச்செங்கோடு ஃபைனான்ஸ்காரர்களிடம் ஆர்.சி. புக்கைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள், கொடுத்தாலும் சில்லறைதான் கொடுப்பார்கள். இதில் ஒரு நன்மை இருக்கிறது. கடனில் வாங்க முடியாததால் அமெரிக்காவைப் போல வங்கி ஜப்தி செய்து ஏலம் விடும் வெள்ளம் இங்கே வராது. தீமை அடுத்த பக்கத்தில். சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும், நூல் மில்லுக்கு செக் நிற்கிறது, ஏற்றுமதிக்காக வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடனின் தேதி முடிகிறது. வீட்டம்மா நகை இருந்தால் அடகு வைக்கலாம், இடம் இருந்தால் பத்திரத்தை வைக்கலாம், ஆறு மாதம் கழித்து மீட்டுக்கொள்ளலாம். காரை வைக்க முடியாது, விற்கத்தான் முடியும். தங்கமும் நிலமும் மந்தத்தைத் தாண்டி வீட்டிலேயே இருந்துவிடுகின்றன, பழைய வண்டி முதல் ஆளாக வெளியே போகிறது.

யாரிடம் விற்பது? அங்கேதான் திருப்பூரின் தனிச் சிக்கல். இங்கே பழைய வண்டிப் பித்து உள்ளவர்களில் ஏற்றுமதிக்காரர், நிட்டிங் வைத்திருப்பவர், சாயப்பட்டறைக்காரர், பிரின்டிங்காரர், எம்பிராய்டரிக்காரர் என்று எல்லாருமே ஒரே பையரின் பணத்தில் சுற்றுகிறவர்கள். 2007-08இல் டாலரை முன்கூட்டியே விற்கிறோம் என்று நினைத்துப் புரியாத அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் வங்கிகளோடு நீதிமன்றம் வரை போனார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வண்டியை விற்க நினைத்தால், வாங்கக்கூடிய நண்பரும் அதே வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார். ஸ்காட்ஸ்டேலில் நடந்ததும் டோக்கியோவில் நடந்ததும் இதுதான். வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் வருமானம் ஒரே குழாயில் வந்தால், குழாய் அடைபடும் நாளில் பொருளுக்கு அடித்தளமே இருக்காது.

2011 இதற்கு நேர்மாறான பாடம். உலகத்தில் ஆர்டர் இருந்தது, நொய்யல் ஆறு மாசுபடுகிறது என்று எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றதால் இங்கே துணிக்குச் சாயம் போட வழியில்லை. மந்தம் திருப்பூருக்கு மட்டும். அப்படிப்பட்ட நேரத்தில் விற்பவர் பாலக்காட்டுக்காரரையோ சென்னைக்காரரையோ தேடிப்பிடித்தால் முழு விலை கிடைக்கும், தெருவுக்குள்ளேயே கேட்டால் பாதிதான். உள்ளூர் மந்தத்தில் வெளியூர் ஆள்தான் விலை காப்பவர். என்.ஓ.சி., முகவரி மாற்றம் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைய அலுப்புப்பட்டு இதைச் செய்யாமல் விட்டவர்கள் நிறைய.

"மந்தம் என்றால் விலை குறையும் என்கிறீர்களே, கொரோனாவில் ஏறியதே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2020இல் தொழில் நின்றது, ஆனால் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கியது, அரசு வீடு வீடாகக் காசோலை அனுப்பியது. வசதி உள்ளவருக்குச் சுற்றுலா இல்லை, ஓட்டல் இல்லை, செலவழிக்க இடமில்லை. கணினி முன் உட்கார்ந்து இணைய ஏலத்தில் கார் வாங்கினார்கள். விற்றே ஆகவேண்டியவர் அப்போது அங்கே அதிகம் இல்லை. பிறகு 2022 மார்ச் முதல் 2023 ஜூலைக்குள் அதே வங்கி வட்டியை 5.25 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. தொழில் ஓடிக்கொண்டிருந்தபோதே பழைய கார்ச் சந்தை தணியத் தொடங்கியது. தொழில் மந்தத்தைவிட வட்டிதான் இந்தச் சந்தைக்கு நெருங்கிய உறவு என்பேன்.

2025 ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம், 27இல் இன்னொரு 25 சதவீதம் என்று வரி வந்து, நம் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்கும் நாடு கதவை ஒருக்களித்தபோது, விற்கலாமா வாங்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். மந்தத்தில் அதிகம் அடிபடுவது பாதியில் நிற்கும் வண்டி. டிங்கரிங் முடிந்து பெயிண்ட் பாக்கி, என்ஜின் தனியே கோணிப்பையில் என்று கிடப்பதை யாரும் தொட மாட்டார்கள். காசு இறுகும்போது புது வேலையை ஆரம்பிக்காதீர்கள், ஆரம்பித்ததை முடியுங்கள், ஓடுகிற நிலையில் வையுங்கள். அடுத்த அடி போலிக்கு. ஆர்.எக்ஸ். 135க்கு 100 ஸ்டிக்கர் ஒட்டியது, சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாதது எல்லாம் நல்ல காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு விலை போகும். கெட்ட காலத்தில் வாங்குபவர் டார்ச் அடித்து நம்பரைப் பார்ப்பார். அமெரிக்காவில் 2008க்குப் பிறகு, சாதாரண வண்டியை உயர்ரக மாடல்போல மாற்றிக் கட்டியவை மீண்டு எழவே பல ஆண்டு பிடித்தது, அசல் வண்டிகள் முன்னமே எழுந்துவிட்டன.

வாங்குகிறவர்கள் ஆவணச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு முடிந்த, அடிப்படை மாறாத வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்று வரும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், தினமும் கம்பெனிக்கு ஓட்டிப் போகக்கூடாது. ராஜ்தூத் 350க்கு அந்தத் தகுதி 2033இல் வரும், கான்டெஸாவுக்கு 2034இல். அதுவரை அவை சட்டப்படி வெறும் பழைய வண்டிகள்தாம், ஆர்.டி.ஓ. ஆய்வாளர் அப்படித்தான் பார்ப்பார். இன்று விலை சொல்கிறவர்கள் அந்த இடைப்பட்ட ஆண்டுகளின் செலவை உங்கள் தலையில் வைத்துத்தான் சொல்கிறார்கள், பேரம் பேசும்போது அதை எடுத்துப் போடுங்கள்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அவையில் ராஜ்தூத் 350 வைத்திருப்பவர் யாராவது இருந்தால் முதல் கேள்வி அவருக்கு. என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.